நுவரெலியாவில் ஒரு சுற்று கோல்ஃப்: எந்த மாதம், எந்த வேளை, எந்த ஆயத்தம்

தலவாக்கலையைச் சொந்த ஊராகக் கொண்டு கொழும்பில் பணிபுரியும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் பயிற்சித் திடலில் பந்தடித்துப் பழகிவரும் அவர், ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நுவரெலியாத் திடலில் 18 குழிகளையும் ஆடிப் பார்க்க விரும்புகிறார். கழக உறுப்பினர் அல்லாத தன்னை உள்ளே விடுவார்களா, என்னென்ன எடுத்துவர வேண்டும், மலைத் திடலில் ஆட்டம் எவ்வாறு மாறும், தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அப்பாவையும் கூட அழைத்துவரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கான விடை, ஆடலாம் என்பதே. நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தமக்காக அமைத்துக்கொண்ட உறுப்பினர் கழகமாக இருந்தபோதிலும், இன்று வெளியிலிருந்து வருபவர்கள் அன்றைய ஆட்டத்துக்குரிய கட்டணத்தைச் செலுத்தி அங்கே ஆடுகிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நகரின் நடுவே, கிராண்ட் ஹோட்டலுக்கும் ஹில் கிளப்புக்கும் அருகில் விரிந்து கிடக்கும் அந்தப் புல்வெளியைப் பஸ்ஸிலிருந்து பார்த்தபடியே கடந்துபோன மலையகக் குடும்பங்கள் எத்தனையோ. புல் வெட்டவும் பை சுமக்கவும் உள்ளே சென்றவர்கள் உண்டு. ஆடுவதற்கென்று உள்ளே செல்லலாம் என்ற எண்ணமே பலருக்கு எழுந்ததில்லை. கட்டணம் செலுத்தி, விதிகளை மதித்து ஆட வருபவர் எவரோ அவருக்கு அந்தத் திடலில் இடம் உண்டு. எனவே தயங்காமல் தொலைபேசியில் அழைத்து, உங்கள் பெயரைச் சொல்லி, நேரம் கேளுங்கள்.

அடுத்து மாதத்தைப் பற்றி. நுவரெலியாவில் ஒரு சுற்றைத் திட்டமிடுபவர் மட்டையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வானத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதலாகல மலையின் அடியில் இருக்கும் இந்த நகரத்தில் மழையும் மூடுபனியும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஆண்டிலேயே மழை குறைந்த காலம் பெப்ரவரியும் மார்ச்சும் ஆகும். அப்போது தரை உலர்ந்திருக்கும், பந்து விழுந்த பின்னும் ஓடும், பிற்பகலில்கூட வெயில் நிற்கும். மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஜூன், ஜூலை மாதங்களில் நாள் முழுவதும் விட்டு விட்டுத் தூறலும், மேற்கிலிருந்து எலும்பைத் துளைக்கும் காற்றும் இருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மீண்டும் வலுக்கும். டிசெம்பரிலும் அது முழுமையாக விட்டுவிடாது.

ஜனவரியிலும் பெப்ரவரியின் தொடக்கத்திலும் வேறொரு நுட்பம் இருக்கிறது. மேகமில்லாத இரவுகளுக்குப் பிறகு விடியற்காலையில் பள்ளமான இடங்களில் உறைபனி படியும். கொழுந்து கருகி மலை பழுப்பேறி நிற்பதைப் பார்த்து வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உறைந்திருக்கும் புல்லின் மேல் நடந்தால் அதன் இழைகள் முறிந்து, சில நாட்களில் காலடித் தடங்கள் அப்படியே கருகித் தெரியும். அதனால்தான் அத்தகைய காலைகளில் வெயில் ஏறும்வரை ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ள கோல்ஃப் திடல்களில் இருக்கிறது. அலுவலகத்தில் சற்றுப் பொறுக்கச் சொன்னால் பொறுத்திருங்கள்.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஏப்ரல், உண்மையைச் சொன்னால், நானாகத் தேர்ந்தெடுக்கும் மாதம் அன்று. அது நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டங்களின் மாதம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் மோட்டார்ப் பந்தயமும் அப்போதுதான் நடக்கும். தமிழ், சிங்களப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கிரகறி வாவியைச் சுற்றி வாகனம் நகராது, தங்கும் அறைகளின் வாடகை பல மடங்காகும், திடலும் உறுப்பினர்களாலும் அவர்களுடைய விருந்தினர்களாலும் நிறைந்திருக்கும். அதற்கு மேல், மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலமாதலால், காலையில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் வானம் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் கறுத்து இடிமின்னலுடன் கொட்டித் தீர்ப்பது இயல்பு. விடுமுறை ஏப்ரலில்தான் கிடைக்கும் என்றால், புத்தாண்டு நாட்களைத் தவிர்த்து ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்து, பல வாரங்களுக்கு முன்னதாகவே நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். மார்ச் மாதத்தில் ஒரு நீண்ட வார இறுதியைப் பெற முடியுமானால் அதுவே மேல்.

எந்த மாதமானாலும் வேளை காலைதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலமே. ஆறு மணியை ஒட்டி வெளிச்சம் வரும், மாலை ஆறு மணியளவில் போய்விடும். 18 குழிகளை நடந்து ஆட நான்கு முதல் நான்கரை மணித்தியாலம் தேவை. முதன்முறை வருபவருக்கு ஐந்தும் ஆகலாம். காலை ஏழு மணிக்கோ ஏழரைக்கோ தொடங்கினால் நண்பகலுக்குள் முடித்துவிடலாம். மழை அதன் பிறகு வந்தால் வரட்டும். பதினொரு மணிக்குத் தொடங்குபவர்கள் பின் ஒன்பது குழிகளை நனைந்தபடி ஆடுவதையோ, பாதியில் விட்டுத் திரும்புவதையோ ஏப்ரலில் அடிக்கடி காணலாம்.

மின்னலைப் பற்றி ஒரு சொல். நகரத்துப் பழைய ஆங்கிலேயர் மயானம் ஒன்று இந்தத் திடலை ஒட்டியே இருக்கிறது. அதில் மேஜர் றொஜர்ஸ் என்பவரின் கல்லறை உள்ளது. ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும் அவர், 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் பாவம் என்று ஊரில் சொல்வார்கள். நான் சொல்லவருவது வேறு. மலைமுகட்டுத் திறந்தவெளியில் மின்னல் உயிரைப் பறிக்கும் என்பது இந்த மண்ணில் பழைய செய்தி. இடி கேட்டதும் மட்டைகளைக் கீழே வையுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள், குடை விரிக்காதீர்கள், கழகக் கட்டிடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்லுங்கள். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வராதீர்கள். மின்னல் அபாயம் இருப்பதாக ஆட்டக்காரர் நியாயமாகக் கருதினால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று கோல்ஃப் விதிகளே சொல்கின்றன.

கழகத்தைத் தொலைபேசியில் அழைக்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். வார நாளுக்கும் வார இறுதிக்கும் வேறுவேறு கட்டணமா, இலங்கையில் வசிப்பவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா, பை சுமக்கும் கெடிக்குரிய தொகை அதில் அடங்குமா, மட்டைத் தொகுதியும் சப்பாத்தும் வாடகைக்குக் கிடைக்குமா, அன்றைய தினம் போட்டி ஏதேனும் நடக்கிறதா, ஹெண்டிகெப் (ஆட்டக்காரரின் திறனுக்கேற்பக் கழித்துக்கொள்ளும் அடிகளின் எண்ணிக்கை) சான்று கேட்பார்களா, தனியாக வருபவரை வேறொரு குழுவுடன் சேர்த்துவிடுவார்களா என்பவற்றையெல்லாம் ஒரே அழைப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டால் வாசலில் நின்று சங்கடப்பட நேராது. தொகைகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் நேரில் கேட்பதே சரி. உடையைப் பொறுத்தவரை, கழுத்துப்பட்டியுள்ள சேட்டும் துணியால் தைத்த நீளக் காற்சட்டையும் எந்தக் கழகத்திலும் ஏற்கப்படும். டெனிம் காற்சட்டையும் வட்டக் கழுத்து ரீ-சேட்டும் வேண்டாம். மாலையில் கழுத்துப்பட்டை (டை) கட்டியே உள்ளே வர வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அருகிலுள்ள ஹில் கிளப்பின் இரவுணவு வழக்கம். அதற்கும் கோல்ஃப் திடலுக்கும் தொடர்பில்லை.

கொழும்பிலிருந்து வீதிவழி வந்தாலும் புகையிரதத்தில் வந்தாலும் முந்தைய நாளே வந்து சேருங்கள். ஹட்டன் வழியானாலும், கண்டியிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியானாலும், மலைப்பாதையில் ஐந்து ஆறு மணித்தியாலம் வளைந்து வளைந்து வந்த உடலால் உடனே நிதானமாக மட்டை வீச முடியாது. புகையிரதத்தில் வந்தால் நானுஓயாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து நகரம் ஏறக்குறைய 8 கிலோமீற்றர். ரதல்லக் குறுக்கு வீதி விபத்துகளுக்குப் பேர்போன செங்குத்தான வீதியாதலால், மலைப்பாதை பழகாத சாரதியிடம் அவ்வழியே வரச் சொல்லாதீர்கள். கனமழைக் காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது, மலையகத்துப் பிள்ளையான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. உங்களுக்கு இருக்கும் வசதி, தலவாக்கலையில் வீட்டில் தங்கிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டு வந்துவிடலாம் என்பது.

இனி ஆட்டத்தின் உள்ளே வருவோம். கொழும்பில் பழகியவர் இங்கே முதலில் உணர்வது பந்தின் தூரம் மாறியிருப்பதைத்தான். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடக் கணிசமாகக் குறைவு. காற்று மெலிந்திருப்பதால் பறக்கும் பந்தைத் தடுக்கும் விசை குறைகிறது, பந்து கூடுதல் தூரம் செல்கிறது. கொழும்பில் பந்து 150 யார் (கஜம்) பறக்கும் மட்டையில் இங்கே ஏறத்தாழ 160 யார் பறக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் மெலிந்த காற்று பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் குறைவாகையால், அது சற்றே தாழ்வாகப் பறந்து, நீங்கள் பழகியதைவிடத் தட்டையாகத் தரையிறங்கும். வளைத்து அடிக்க நினைத்தால் நினைத்த அளவு வளையாது. தவறி அடித்த பந்தும் அதே காரணத்தால் கொழும்பில் விலகும் அளவுக்கு விலகாது. புதியவர்களுக்கு இது ஒரு நன்மை.

இத்துடன் கணக்கு முடிந்துவிடுவதில்லை. குளிர் இந்தக் கூடுதல் தூரத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காலை ஏழு மணிக்கு உங்கள் உடலும் இறுகியிருக்கும், பந்தும் இறுகியிருக்கும். கம்பளிச் சட்டையின் மேல் மழைச்சட்டை அணிந்த தோள்களும் முழுதாகத் திரும்பா. ஆகையால் முதல் நான்கைந்து குழிகளில் கொழும்புத் தூரத்தையே நம்பி ஆடுங்கள். வெயில் ஏறி உடல் சூடான பிறகு, பந்து தாண்டிப் போகத் தொடங்குவதை நீங்களே காண்பீர்கள், அப்போது தூரம் குறைந்த அடுத்த மட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். அடுத்த பந்தைக் காற்சட்டைப் பையில் வைத்திருந்து, குழிக்குக் குழி பந்தை மாற்றி ஆடுவது விதிக்கு உட்பட்டதே. உடற்சூடு அதற்குப் போதும். ஆனால் வெப்பமூட்டும் கருவியைக் கொண்டு வேண்டுமென்றே பந்தைச் சூடாக்கக்கூடாது.

ஈரத் தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். உலர்ந்த தரையில் இருபது முப்பது யார் ஓடிப் பழகியவர்கள், இங்கே மழைக்குப் பிறகு பறக்கும் தூரத்தை மட்டுமே நம்ப வேண்டும். எனவே உயரம் தரும் தூரத்தை ஈரம் எடுத்துக்கொள்கிறது என்று கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் டீ மேடையிலிருந்து பேராசைப்படாமல் அடியுங்கள். நுவரெலியாத் திடல் நீளத்தால் அச்சுறுத்தும் திடல் அன்று. இருபுறமும் நெருங்கி நிற்கும் உயர்ந்த மரங்களாலும், குறுக்கிடும் ஓடைகளாலும், டீ மேடையிலிருந்து குழிவரை புல் வெட்டிய பாதைகளான ஒடுங்கிய ஃபேர்வேக்களாலும் ஆட்டக்காரரைச் சோதிக்கும் பழைய பாணித் திடல் அது. மிக நீண்ட மட்டையான டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, நேராக அடிக்கக்கூடிய மட்டையால் ஃபேர்வேயின் நடுவில் பந்தை வைப்பவரே இங்கே குறைந்த அடி எண்ணிக்கையுடன் திரும்புவார். மரங்களுக்கு இடையே பந்து சென்றுவிட்டால், கிளைகளின் இடைவெளி வழியே வீரம் காட்டாமல், பக்கவாட்டில் ஒரு சிறிய அடியால் வெளியே எடுத்து வாருங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே உங்களுக்குப் பல அடிகளை மிச்சப்படுத்தும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரிவில் நிற்கும் பந்துகளைக் கொழும்பின் பயிற்சித் திடல் கற்றுத் தந்திருக்காது. வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேலான மட்டத்தில் இருந்தால் அது இடப்புறம் போகும். பாதத்தைவிடத் தாழ்ந்திருந்தால் வலப்புறம் போகும். மேல்நோக்கிய சரிவில் பந்து கூடுதலாக எழும்பித் தூரம் குறையும், கீழ்நோக்கிய சரிவில் தாழப் பறந்து ஓடும். தோள்களைத் தரையின் சரிவுக்கு இணையாகச் சாய்த்துக்கொண்டு, முக்கால் வீச்சில் அடித்தால் நிலை தவறாது. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பான கிரீன்களில் வேறொரு மயக்கம் உண்டு: சுற்றிலும் மலைகள் எழுந்து நிற்கும்போது கண்ணுக்குச் சமதளம் எது என்பதே குழம்பிவிடும். மேட்டைப் பார்த்து நிற்பது போலத் தோன்றும் பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) உண்மையில் இறக்கமாக இருக்கும். பந்துக்குப் பின்னால் மட்டும் நின்று பார்க்காமல், தாழ்வான பக்கத்துக்குச் சென்று குந்திப் பாருங்கள். ஓடை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கெடியைக் கேளுங்கள்.

இந்த மண்ணில் அடிக்கடி தேவைப்படும் சில விதிகளை மட்டும் சொல்கிறேன். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடமே அனுமதி. மரங்களுக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், தேடப் போகும் முன்னரே அறிவித்துவிட்டு இன்னொரு தற்காலிகப் பந்தை அடித்து வையுங்கள். நனைந்த ஃபேர்வேயில் தான் விழுந்து உண்டாக்கிய பள்ளத்திலேயே புதைந்து நிற்கும் பந்தைத் தண்டனையின்றி எடுத்து அருகில் விடலாம். தேங்கி நிற்கும் மழைநீரில் பந்து கிடந்தாலும், அதில் நின்று ஆட நேர்ந்தாலும் அவ்வாறே. ஓடைக்குச் சிவப்பு முளைகள் நாட்டப்பட்டிருந்தால், ஓர் அடித் தண்டனையுடன், பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் பந்தை விட்டு ஆடலாம். வெள்ளை முளைகளுக்கு வெளியே போனால் ஓர் அடித் தண்டனையுடன் முன்பு அடித்த இடத்திலிருந்தே மீண்டும் அடிக்க வேண்டும். நகர வீதிகளை ஒட்டிய திடலில் இது நேரக்கூடியதே. குரங்கோ காகமோ நிற்கும் பந்தைத் தூக்கிச் சென்றது உறுதியாகத் தெரிந்தால் தண்டனை இல்லை, பந்து இருந்த இடத்தில் வேறொன்றை வைத்து ஆடலாம். எண்ணிக்கைக்கு ஸ்டேபிள்ஃபோர்ட் முறையைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் ஹெண்டிகெப்பைக் கழித்த பின், பார் (அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை) எடுத்தால் இரண்டு புள்ளி, ஓர் அடி கூடினால் ஒரு புள்ளி, இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடினால் புள்ளி இல்லை. ஒரு குழி கெட்டுவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம்; பின்னால் வருபவர்களும் காத்திருக்க நேராது.

பையில் வைக்க வேண்டியவற்றில் முதன்மையானது மழைச்சட்டை. கையுறை இரண்டு சோடியும் துவாய் இரண்டும் தேவை. நனைந்த கைப்பிடி நழுவினால் மற்ற எதுவும் பயன்படாது. மட்டைகள் 14க்கு மேற்படக்கூடாது என்பது விதி. நடந்து ஆடும் மலைத் திடலுக்குப் பத்து பன்னிரண்டே போதும், சுமப்பவர் முதுகையும் நினைத்துப் பாருங்கள். குளிராக இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள்: உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர் வலுக்கும், ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு என்ற கணக்கில். மேகத்தின் ஊடாகவும் கழுத்தும் காதும் எரிந்துபோகும். ஓடைக்கரைப் புல்லிலும் மரத்தடி ஈரத்திலும் அட்டை இருக்கும். கொழுந்து பறிக்கப் போகும் நம் பெண்கள் செய்வது போலக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, காலுறைக்குள் காற்சட்டை நுனியைச் செருகிக்கொண்டால் போதும்.

கெடிகளைப் பற்றி நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் ஒரு வெளியூர் ஆட்டக்காரரின் நாளை நல்ல நாளாக்குபவர் அவரே. திடலின் ஒவ்வொரு வளைவையும், எந்த மரத்துக்கு அப்பால் தரை தாழ்கிறது என்பதையும், எந்தக் கிரீனில் பந்து யாரும் நம்பாத திசையில் திரும்பும் என்பதையும் அவர் அறிவார். ஒன்றிரண்டு குழிகளிலேயே உங்கள் அடியின் நீளத்தை அளந்துவிடுவார். அதன் பிறகு அவர் நீட்டும் மட்டையை மறுக்காதீர்கள். தொடக்கத்திலேயே, நான் புதியவன், எந்த மட்டை, எந்தத் திசை என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் அந்தக் கேள்வியை நீங்கள் தமிழிலேயே கேட்க முடியும், பதிலையும் பெரும்பாலும் தமிழிலேயே பெறுவீர்கள். வெளிநாட்டுப் பயணிக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. இலங்கையின் தொழில்முறை கோல்ஃப் வீரர்களில் பலர் பை சுமந்து தொடங்கியவர்கள். உங்கள் பையைச் சுமப்பவர் உங்களைவிட நன்றாக ஆடக்கூடியவராக இருப்பது வழமையான செய்தி.

ஆகவே அவரை வயதுக்கேற்ப அண்ணன் என்றோ தம்பி என்றோ ஐயா என்றோ அழையுங்கள். விரலைச் சொடுக்கி அழைப்பவர்களையும், தம் தவறான அடிக்கு அவரைக் கடிந்துகொள்பவர்களையும் திடல்களில் பார்க்கிறோம். நம் பெற்றோர் மலையில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வாழ்ந்தார்கள், நாம் அதைத் திரும்ப ஒலிக்கக்கூடாது. இடைவேளையில் நீங்கள் தேநீர் அருந்தினால் அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். நிர்ணயித்த தொகை எவ்வளவு என்பதை அலுவலகத்தில் முன்னரே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு மேல் உங்கள் அன்பளிப்பையும் சேர்த்து ஆட்டம் முடிந்ததும் அவர் கையிலேயே கொடுங்கள். மழைக்கால மாதங்களில் ஆட வருபவர்கள் குறைவு. அந்த மாதங்களில் அவருக்கு வருமானமும் குறைவு என்பதை மறவாதீர்கள்.

அடித்துப் பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து மிதிப்பது, கிரீனில் பந்து விழுந்த வடுவைச் சரிசெய்வது, மணற்பள்ளமான பங்கரில் மணலைச் சமப்படுத்திவிட்டு வெளியேறுவது ஆகியவை கெடியின் வேலை என்று விட்டுவிடாமல் நீங்களும் செய்ய வேண்டியவை. இந்தக் குளிரில் புல் மெதுவாகவே தழைக்கும்.

ஏப்ரலில் நுவரெலியாவில் நேரம் கிடைக்காமற் போனால் கண்டிப் பக்கம் பாருங்கள். திகனைக்கு அருகே ரஜவெல்லவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள விக்டோரியா கோல்ஃப் திடல் தொண்ணூறுகளின் இறுதியில் திறக்கப்பட்டது. ஆங்கிலேய வடிவமைப்பாளர் டொனால்ட் ஸ்டீல் அமைத்த அதன் பார் 73. நுவரெலியாவைவிட நீளமும் அகலமும் உடையது. நீர்த்தேக்கத்தின் நிறைமட்டமே 438 மீற்றர்தான் என்பதால் அங்கே குளிர் இல்லை. மெலிந்த காற்றின் கணக்கும் பெரிதாகத் தேவைப்படாது, மாறாக நண்பகல் வெயிலுக்குத் தண்ணீரும் தொப்பியும் தேவை. ஏற்ற இறக்கம் மிகுந்த திடலாதலால் மின்சார வண்டியில் ஆடுபவர்கள் பலர். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயர அணையால் தேங்கிய மகாவலி நீர். பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் இருக்கிறது என்பதை அறிந்து பார்ப்பவருக்கு அந்தக் காட்சி வெறும் அழகாக மட்டும் தோன்றாது. அழகைப் பொறுத்தவரை எந்தத் திடல் மேலானது என்று கேட்டால், தனிமையான பரந்த காட்சிக்கு விக்டோரியா என்பேன். ஆனால் முதல் சுற்றுக்கு, அடி நீளம் குறைந்த புதியவருக்கு, நுவரெலியாவே ஏற்றது.

கடைசியாக அப்பாவைப் பற்றி. ஆடாதவர் ஒருவர் கூட நடந்துவருவதற்குக் கழகத்தின் அனுமதியை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத வார நாளில் இதற்குப் பெரும்பாலும் தடையிருக்காது. நுவரெலியாத் திடல் பள்ளத்தாக்கில் அமைந்திருப்பதால், மலை ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்கு அது கடினமான நடை அன்று. எனினும் 18 குழிகளுக்கும் ஏழு, எட்டு கிலோமீற்றர் நடக்க நேரும். அவருக்கும் தட்டைச் சப்பாத்தும் மழைச்சட்டையும் வேண்டும். ஒருவர் அடிக்கும்போது அவருக்கு நேர் பின்னாலோ, பந்து செல்லும் கோட்டிலோ நிற்க வேண்டாம் என்றும், எப்போதும் அடிப்பவருக்குப் பின்பக்கமாகப் பக்கவாட்டில் விலகி நிற்குமாறும், யாராவது உரத்துக் கத்தினால் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனியுமாறும் முதலிலேயே சொல்லிவையுங்கள். முதல் ஒன்பது குழிகள் முடிந்ததும் களைப்பாக இருந்தால், சற்றுத் தூரத்திலேயே நுவரெலியா நகருக்குள் உள்ள விக்டோரியா பூங்காவில் அவரை இருக்கச் செய்துவிட்டு மீதியை நீங்கள் ஆடி முடிக்கலாம். காலை ஏழு மணி ஆட்டமென்றால், ஆட்டம் முடிந்த பிறகு சீதாஎலியவிலுள்ள சீதையம்மன் கோயிலுக்கு இருவரும் போய்வர நேரமும் இருக்கும். வெலிமடை வீதியில் சில கிலோமீற்றர்தான், முச்சக்கரவண்டி போதும். ஆட்டநாளுக்கு முந்தைய மாலை மறுபடியும் அலுவலகத்தை அழைத்து, உங்கள் நேரத்தையும் திடல் திறந்திருப்பதையும் உறுதிசெய்துகொண்டு தலவாக்கலையிலிருந்து புறப்படுங்கள்.